ஒரு படி கீழே

“துறைமுக ஊருக்கு ஃப்ளைட் விட உனக்கு வேற நேரமே கிடைக்கலியா? என்னுது மேல ஏறி சக்கரத்தை மடக்கறதுக்குள்ள உன்னுது பின்னாடியே வந்து நிக்குது!”

“ஆகாயம் என்ன உங்க பீரோவாக்கா, பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கறதுக்கு?”

“பீரோவைப் பத்தி நீ பேசாதே. அதுலேர்ந்து எடுத்துட்டுப் போன குடை இன்னும் திரும்பி வரல.”

“குடையும் ஃப்ளைட்டும் ஒண்ணா?”

“எடுத்த கை ஒண்ணுதானே!”

மாடிப்படியின் வளைவில் நின்று இப்படிக் கத்திக்கொண்டிருந்த இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். கீழ்த்தளத்தில் மாமியார், நடுத்தளத்தில் பெரியவள், மேல்தளத்தில் சின்னவள் என்று ஒரே வீடு. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒருத்தி கைப்பையோடும் இன்னொருத்தி ஈரத் தலையோடும் நின்றார்கள். சொத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். இந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. மருமகள்கள்தான் ஆகாயத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேல எங்க வேணா போய் அடிச்சுக்கோங்கடி. எனக்குப் படியை விடுங்க, துணி காயப்போடணும்,” என்று கீழேயிருந்து வாளியோடு வந்தாள் மாமியார்.

“நீங்களே சொல்லுங்க அத்தை, இவ பண்றது நியாயமா?”

“எனக்கு என்ன தெரியும்? ஜன்னல் சீட்டு யார் கொடுக்கறாளோ அவ நல்லவ.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டாள். பெரியவளுக்கு வயிற்றில் அடுப்பை மூட்டியது போல் இருந்தது. துறைமுக ஊரில் இருக்கும் மகளைப் பார்க்க மாமியார் அப்போதுதான் சின்னவளின் புது விமானத்தில் போய்விட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து மேகத்தைப் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பெரியவள் கொடுத்த டிக்கெட்டில் போய்வந்தபோதெல்லாம் வழியில் மேகமே இல்லாதது போல.

பெரியவள் வேலை பார்த்தது பழைய கம்பெனி. விமானங்களின் வால் நீலமாக இருக்குமென்பதால் தெருவில் அதற்கு நீலவால் என்று பேர். சின்னவளுடையது பின்னால் முளைத்த மலிவுக் கம்பெனி, சிவப்புவால். வேலை இருவருக்கும் ஒன்றேதான், கட்டண மேசை. எந்த ஊருக்கு, எந்த நாளில், எத்தனை சீட்டை என்ன விலைக்கு விடுவது என்று தீர்மானிக்கிற மேசை அது. விமானம் ஓட்டுகிறவருக்குத் தொப்பி உண்டு, பரிமாறுகிற பெண்ணுக்கு உதட்டுச் சாயம் உண்டு, கட்டண மேசைக்காரிக்குக் கழுத்துவலி ஒன்றுதான் மிச்சம். ஆனால் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் “நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?” என்று விசாரித்துக்கொண்டு, அதில் ஒருவர் முகம் சுருங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்றால், அது இந்த மேசையின் கைங்கரியம்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தெருவுக்கே பெரியவள்தான் விமானக்காரி. எப்போது வாங்கினால் விலை குறையும் என்று கேட்டு அவள் வாசலில் ஆள் நிற்கும். அவளும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, ஏதோ ராணுவ ரகசியத்தைச் சொல்வது போல் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். போதாததற்குப் புது ஓரகத்தியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து அளந்தாள், அளந்தாள், அப்படி அளந்தாள். வாரத்தின் முதல் நாள் காலையில் போகிறவன் கம்பெனிக் காசில் போகிறான், அவனுக்கு ஒரு பைசா குறைக்காதே. கடைசிச் சீட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள், சாவுக்கும் பிரசவத்துக்கும் ஓடுகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள். சின்னவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். “எவ்வளவு அடக்கமான பொண்ணு பாருங்க,” என்று புருஷனிடம் மெச்சிக்கொண்டாள் பெரியவள்.

அடக்கமான பொண்ணு அடுத்த மழைக்குள் சிவப்புவாலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நேர்காணலில் அவள் எடுத்துவிட்டதெல்லாம் தன் சாப்பாட்டு மேஜையில் விளைந்த சரக்குதான் என்பது பெரியவளின் ஆறாத புண்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். சின்னவளை அழைத்துப்போக ஆபீஸ் கார் வந்தது. அவளுக்குக் கண்ணாடி அறை கொடுத்தார்கள். டிக்கெட் விலை கேட்க வருகிற ஜனம் நடுத்தளத்தில் நிற்காமல் மேல்தளத்துக்கு ஏறியது. தன் கதவைத் தாண்டி மேலே போகிற செருப்புச் சத்தத்தை வைத்தே அது சலூன்காரரா, மருந்துக்கடைக்காரர் மனைவியா என்று சொல்கிற அளவுக்குப் பெரியவளின் காது தேறிவிட்டது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவள்தான். ஆனால் துறைமுக ஊர் வேறு விஷயம். அந்த ஊருக்கு நீலவால் மட்டுமே பறந்தது. விலையில் அவள் வைத்ததுதான் சட்டம். அந்த ரூட்டைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்திருந்தாள். அதிலேயே சிவப்புவால் கையை வைத்து, அதே காலை வேளையில், விலையையும் குறைத்துப் போட்டிருந்தது.

படிச்சண்டை முடிந்த அன்றைக்கு ஆபீசுக்குப் போனவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையின் முன் உட்கார்ந்தாள். கட்டண மேசையில் எல்லா விலையையும் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒரு விதியை எழுதி வைத்தால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எதிராளி விலையை மாற்றினால் இப்படிச் செய் என்று பெரும்பாலும் எல்லோரும் எழுதுகிற விதி, சமமாக நில் என்பதுதான். சின்னவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். பெரியவள் எழுதியது வேறு. எதிராளி என்ன போட்டாலும் அதற்கு ஒரு படி கீழே போய் நில். அதுவும் உடனே இறங்காதே, எதிராளி நாலு சீட்டு விற்று நிம்மதியாகிற நேரம் பார்த்து இறங்கு. அவன் சளைத்ததும் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொள். ஓரகத்தியோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் ஒருத்தியால்தான் அப்படி ஒரு விதியை எழுத முடியும்.

ஒரேயடியாகப் பாதாளத்துக்குப் போய்விடக் கூடாதென்று இரு கம்பெனிகளிலும் ஓர் அடிவிலை உண்டு. அதற்குக் கீழே கம்ப்யூட்டர் இறங்காது. அந்த அடிவிலை என்கிற தரையில்தான் நீலவாலும் சிவப்புவாலும் தினம் கட்டிப் புரண்டன.

இதை முதலில் மோப்பம் பிடித்தவள் எதிர்வீட்டுத் தையற்காரி. முப்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவள். காது மட்டும் எப்போதும் இந்த வீட்டுப் பக்கம் தைத்து வைத்தாற்போல் இருக்கும். காலையில் படியில் சத்தம் பெரிதாக இருந்தால் மதியத்துக்குள் துறைமுக ஊர் டிக்கெட் விலை இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். ஏனென்றால் சண்டை போட்டுவிட்டுப் போகிற நாட்களில் பெரியவள் விதியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவாள். அப்புறமென்ன, தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. மாடியில் பாத்திரம் விழுந்தால் டிக்கெட் விலை விழும் என்பது ஊரறிந்த கணக்காயிற்று.

சண்டை தானாக வராத நாட்களில் வரவழைத்துக்கொண்டார்கள்.

“ஏன்க்கா, நீலவால் சீட்டுல உக்காந்தா முதுகு பிடிச்சுக்குமாமே? உங்க ஓரகத்திதான் சொன்னாங்க,” என்பாள் தையற்காரி நடுத்தளத்தில். அங்கிருந்து ஏறி மேல்தளத்துக்குப் போய், “உங்க ஃப்ளைட்டுல தண்ணி கேட்டாக்கூட முறைப்பாங்களாமே? பெரியவங்கதான் சொன்னாங்க,” என்பாள். மறுநாள் படி அதிரும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டுபட்டது ஓரகத்திகள், கொண்டாட்டம் தெருவுக்கு. சலூன்காரர் துறைமுக ஊருக்கு மீன் பிடிக்கப் போய்வந்தார். தையற்காரி பொத்தான் வாங்கப் போனாள். பொத்தான் வாங்க விமானத்தில் போன தையற்காரி உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்கமாட்டாள். அதுவும் அடிக்கடி போனாள். அத்தனை பொத்தான் வைக்க அவளிடம் சட்டையேது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு கம்பெனிகளுக்கும்தான் கையைக் கடித்தது. ஒருநாள் காலை பெரியவளின் புருஷன், வாய் அதிகம் பேசாத மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், செய்தித்தாளை மடித்து மேஜையில் வைத்தார்.

“உங்க ரெண்டு கம்பெனிக்கும் சம்பந்தம் பேசி முடிச்சுட்டாங்க போலிருக்கே.”

இரண்டும் ஒரே கம்பெனியாகப் போகின்றன என்று போட்டிருந்தது. அன்றைக்குப் படியில் சண்டை புது விதமாக நடந்தது.

“கடைசில உங்களை நாங்கதான் வாங்க வேண்டியிருந்தது,” என்றாள் பெரியவள்.

“வாங்கினவங்க எதுக்குக்கா எங்க கட்டடத்துக்கு மூட்டை கட்டிட்டு வர்றீங்க?”

பெரியவளுக்கு அன்று காலைச் சாப்பாடு இறங்கவில்லை. யார் யாரை விழுங்கியிருந்தாலும், ஒன்று நிச்சயம். இரண்டு கட்டண மேசைகள் இனி ஒன்றாகும். தலைமை நாற்காலி ஒன்றுதான். அதைக் கொடுக்கப்போகிறவர் சிவப்புவாலிலிருந்து வருகிற மேலதிகாரி, குளிக்கும்போதும் டையைக் கழற்றமாட்டாரோ என்று எல்லோரும் சந்தேகப்படுகிற மனிதர். டைக்காரர் சின்னவளை நாலு பேர் எதிரில் கெட்டிக்காரி என்று சொன்னவர். அந்த நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்தால், பெரியவள் தினமும் அவளிடம் போய், “இந்த விலை சரியா?” என்று கேட்டு நிற்க வேண்டும். வீட்டில் தலைக்கு மேலே அவள் நடக்கிற சத்தம் போதாதென்று ஆபீசிலும்.

“விட்டுடேன். அவ நம்ம வீட்டுப் பொண்ணுதானே, வேத்தாளா?” என்றார் புருஷன்.

“வேத்தாளா இருந்தா வாழ்த்தியே அனுப்பிடுவேன். நம்ம வீட்டுப் பொண்ணுங்கறதாலதான் முடியல.”

இரண்டு கம்பெனியும் சேருகிற நாள் குறிக்கப்பட்டது. முந்தின நாள் மாலைக்குள் இரு மேசைக்காரர்களும் தங்கள் விதிகளையெல்லாம் அழித்துவிட வேண்டும், காலையில் பழைய அடிவிலைகள் நீக்கப்படும், மதியம் புது அடிவிலைகள் வரும் என்று உத்தரவு. நடுவில் அந்தக் காலைப்பொழுது மட்டும் தரையில்லாத வீடு மாதிரி. அதனால்தான் விதிகளை அழிக்கச் சொன்னார்கள்.

பெரியவள் மற்ற எல்லா ரூட்டிலும் விதியை அழித்தாள். துறைமுக ஊருக்கு வந்தபோது விரல் நின்றது. சேருகிற நாளில் எந்த விமானம் நிரம்புகிறதோ அந்த மேசைக்குத்தான் நாற்காலி என்று தையற்காரி அன்று காலையில்தான் காதில் போட்டிருந்தாள். தையற்காரிக்கும் டைக்காரருக்கும் என்ன சம்பந்தம், அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வயிறு எரிகிறவர்களுக்கு மூளைக்குப் புகை ஏறிவிடும். ஒரு காலைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விதியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

சிவப்புவால் ஆபீசில் சின்னவளின் விரலும் அதே ஊரில் நின்றது. அக்கா அழிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதே வீட்டில் இருக்கிறவளாயிற்றே.

மறுநாள் காலை அடிவிலை போனதும் ஓட்டம் ஆரம்பித்தது. பெரியவளின் விதி ஒரு படி இறங்கியது. சின்னவளின் விதி சமமாக வந்து நின்றது. இது இன்னும் ஒரு படி. அது மறுபடியும் சமம். இரண்டு விதிகளும் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கிப் போயின. ஒரே முதலாளியின் இரண்டு கையும் அவர் பாக்கெட்டையே ஆளுக்கொரு பக்கம் கிழிப்பது போல ஒரே கம்பெனி தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டது. ஓரகத்திகள் இருவரும் புதுக் கட்டடத்தில், சேர்க்கை விழா என்று போட்ட நாற்காலிகளில் ஒரே வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், துறைமுக ஊருக்கு விமானத்தில் போவது பஸ்ஸில் போவதைவிட மலிவாகி, அப்புறம் செருப்புத் தைப்பதைவிட மலிவாகி, கடைசியில் வரி மட்டும் மிஞ்சியது.

தெரு தூங்குமா? சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டு டிக்கெட் வாங்கினார். மருந்துக்கடைக்காரர் மனைவி செத்துப்போன மாமனார் பெயரைத் தவிர வீட்டில் எல்லார் பெயரிலும் வாங்கினாள். மாமியார் தையற்காரியை உட்கார வைத்து, போக மட்டும் ஒன்று வாங்கச் சொன்னாள். விழாவில் டைக்காரர் “இனி நாம் ஒரே குடும்பம்” என்று பேசி முடிப்பதற்குள் அந்தப் பருவம் முழுக்கத் துறைமுக ஊர் சீட்டுகள் காலி.

மறுநாள் இருவரையும் டைக்காரர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு கம்ப்யூட்டர்களும் அன்று காலை ஒரே பெயரில் இணைக்கப்பட்டிருந்ததால் எந்த விதி யாருடையது என்று தெரியவில்லை. மேஜையில் இரண்டு விதிகளையும் அச்சடித்து வைத்திருந்தார்.

“விற்ற டிக்கெட் விற்றதுதான். இல்லேன்னா ஊர் சிரிக்கும்,” என்றார். “சமமா நில்லுங்கற இந்த விதியை யார் மறந்திருந்தாலும் திட்டிட்டு விட்டுடுவேன். அது எல்லா மேசைலயும் இருக்கறது. ஆனா இந்த இன்னொண்ணு, ஒரு படி கீழே, இதாலதான் இவ்வளவு கேடு. இதை எழுதினவங்களுக்கு நாற்காலி கிடையாது. மத்தவங்களுக்குத்தான்.”

பெரியவள் அந்தக் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

டைக்காரர் காகிதத்தை இன்னொரு தடவை கையில் எடுத்தார். அவர் முகம் மாறியது. “ஆனா ஒண்ணு சொல்லணும். என்ன மூளை! எதிராளி நிம்மதியாகற நேரம் பார்த்து இறங்கறதும், சளைச்சதும் ஏறிக்கறதும்... இந்தத் தொழில்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல.” சின்னவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “உன்னுதுதானே? நீலவால்ல இவ்வளவு யோசிக்க யார் இருக்காங்க? பாவம், இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை வச்சுக்கிட்டு இப்படி மாட்டிக்கிட்டியே.”

சின்னவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. வந்ததோ இல்லையோ, பெரியவளின் கண்ணுக்கு வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாற்காலி அவளுக்கு. கண்ணாடி அறை அவளுக்கு. செருப்புச் சத்தமெல்லாம் நடுத்தளத்தில் வந்து நிற்கும். இதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு நொடியில் நன்றாகவே தெரிந்தது. தன் தலையில் உதித்ததற்கு இவள் மெச்சுதலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில் எடுத்தது போதாதென்று.

“அது என்னுது!” என்று எழுந்துவிட்டாள். அறைக்கு வெளியே நாலு தலை திரும்பியது. “முதல் எழுத்துலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும் நான் எழுதினது. இவளுக்கு இதுல ஒரு வரி வராது. சமமா நிக்கத்தான் தெரியும் இவளுக்கு!”

டைக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

அன்று மாலை படியின் வளைவில் சின்னவள் காத்திருந்தாள்.

“ஏன்க்கா சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா உங்களுக்குத்தானே கிடைச்சிருக்கும்.”

“நாற்காலி போனாப் போகுது. என் மூளைக்கு நீ பேர் வாங்குவியா?”

“நான் வாங்கவே இல்லியே. வாயே திறக்கல.”

“சிரிச்சே.”

“பயத்துல வாய் கோணிச்சுக்கா.”

“கோணின வாயோட போய் நாற்காலியில உக்காரு. குடையை மட்டும் கொடுத்துட்டுப் போ.”

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தன் மூக்கையும் அறுத்துக்கொண்டு, எதிரிக்கு நல்ல சகுனமும் பார்த்துக் கொடுத்தவள் பெரியவள் ஒருத்திதான் என்று தையற்காரி தெருவெல்லாம் சொன்னாள். சேருகிற நாளைப் பற்றிய வதந்தியைக் கிளப்பியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாற்காலி கிடைத்த சின்னவள் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊருக்குப் புருஷனோடு குடிபோனாள். போகிற அன்று குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய குடை எங்கேயோ தொலைந்துவிட்டதாம், அதனால் புதுசு. பிடியில் வேலைப்பாடு, விரித்தால் அரை வாசலை மூடும். பெரியவளுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடும் இறங்கவில்லை. இவ்வளவு நல்ல குடையைத் தனக்கே கொடுக்கிறாள் என்றால் அவளிடம் இருப்பது இன்னும் எப்படி இருக்கும்!

மாமியார் வரி மட்டும் கட்டி வாங்கிய டிக்கெட்டில் துறைமுக ஊருக்குப் போனவள் மகளோடேயே தங்கிவிட்டாள். ஜன்னல் சீட்டாம். தையற்காரி அந்த ஊர்ப் பொத்தான் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு மொத்தத் தெருவும் விமானத்தில் போய்வந்தது.

பெரியவள் கம்பெனியை விட்டு, புதிதாக வந்திருக்கும் பச்சைவால் என்கிற சின்னக் கம்பெனியின் கட்டண மேசையில் சேர்ந்தாள். பச்சைவாலுக்கு இருப்பது கொஞ்சம் விமானங்கள்தான், ஆனால் துறைமுக ஊருக்குப் போகிறது. காலி செய்த மேல்தளத்துக்கு அவளும் கண்ணாடிக் கடைக்காரப் புருஷனும் குடி ஏறிவிட்டார்கள். நடுத்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். விட்டது ஆசிரியர் குடும்பத்துக்கு, விமானக் கம்பெனிப் பக்கமே போகாதவர்கள்தானா என்று நன்றாக விசாரித்துக்கொண்ட பிறகு.